பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டவர்

ஜம்புநாதனிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். ‘பரவாயில்லை.’

ஜனவரியில் வந்த பக்கவாதம் வலது கையையும் காலையும் தளர்த்திப் போட்டதோடு நிற்காமல் பேச்சையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாலங்களுக்குக் கணக்குப் போட்டு வேலை பார்த்த காலமெல்லாம் பேசிய இங்கிலீஷ் போயிற்று. மான்ட்ரியால் வந்த புதிதில் மாலை வகுப்பில் சேர்ந்து, உதட்டைக் குவித்துக் குவித்துக் கற்றுக்கொண்ட பிரெஞ்சும் போயிற்று. தமிழ் மட்டும் உள்ளே இருந்தது. யார் என்ன சொன்னாலும் புரிந்தது. பதிலும் மண்டைக்குள் முழு வாக்கியமாக வந்து நின்றது. ஆனால் வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் வந்து விழுந்தது. தண்ணீர் வேண்டும் என்பதற்கும் பரவாயில்லை. சாம்பாரில் உப்பே இல்லை என்பதற்கும் பரவாயில்லை. வலிக்கிறது, கையை எடு என்பதற்கும் அதே.

“சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்” என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் இசபெல். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “உங்கள் கணவருக்கு எவ்வளவு அழகான வார்த்தை வாய்த்திருக்கிறது” என்று சந்தோஷப்பட்டாள்.

அவர் மனைவி கனகவல்லி சிரித்தாள். ஜம்புநாதனுக்கு என்னவோ கெட்ட வார்த்தையே மேல் என்று தோன்றியது. அது யாரையும் ஏமாற்றாது.

ஏமாந்துகொண்டிருந்தவள் கனகவல்லிதான். மருத்துவமனையிலிருந்து, மான்ட்ரியால் ஓரத்தில் கர்க்லாண்டில் இருந்த வீட்டுக்கு அவரை அழைத்துவந்த நாள் முதல் எல்லாவற்றையும் அவள் ஒருத்தியே செய்தாள். எழுப்புவது, குளிப்பாட்டுவது, மாத்திரைகளைப் பொடி செய்வது, நடக்க வைப்பது, இரவில் அவர் முனகும்போதெல்லாம் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது. உதவிக்கு ஆள் அனுப்புகிறோம் என்று சொன்னவர்களிடம், வெளி ஆள் தொட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று மறுத்துவிட்டாள். வான்கூவரில் இருக்கும் மகள் ஹம்சினி வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். இப்போது தினமும் போனில் கேட்கிறாள், “யாரையாவது துணைக்கு வெச்சுக்கோயேம்மா.”

“எனக்கென்னடி, ரிட்டயர் ஆனவ. வேற என்ன வேலை?” என்பாள் கனகவல்லி. போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, “நான் சரியாத்தானே பார்த்துக்கறேன் உங்களை?” என்று கேட்பாள்.

போய்த் தூங்கு, வல்லி. தயவுசெய்து போய்த் தூங்கு. அது தொண்டை வரைக்கும் வரும்.

“பரவாயில்லை” என்பார் ஜம்புநாதன்.

அவள் முகம் தெளிந்துவிடும். போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவாள்.

வேற என்ன வேலை என்று அவள் கேட்டதும் பொய். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை அவளுடைய புத்தகம் அடைத்துக்கொண்டிருந்தது. நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் அவள். ஓய்வு பெற்றதே அந்தப் புத்தகத்தை முடிக்கத்தான். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயங்களைப் பற்றியது. முதன்முதலில் அவள் அதைச் சொன்னபோது ஜம்புநாதன், “அதென்ன ஆறு நாள்? ஏழா இருந்தா முழு வாரம் ஆச்சே” என்று கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை ஆண்டவருக்கு. அன்னிக்குப் பந்தயம் விடக் கூடாது. அதனால ஞாயிறு முடிஞ்ச நிமிஷம் ஆரம்பிச்சு, அடுத்த ஞாயிறு பொறக்கறதுக்குள்ள முடிச்சுடுவாங்க.”

“நடுவுல?”

“நடுவுல நிறுத்தறதே கிடையாது.”

அன்றிலிருந்து அவருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. மாலைகளில் அவள் எழுதியதைப் படித்துப் பார்ப்பதும், பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு அந்த மரத் தளங்கள் வளைவில் எவ்வளவு சரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதும் அவர் வேலையாயிற்று. அந்த ஆட்களை அவருக்கு நன்றாகத் தெரியும். நியூயார்க்கில், பெரிய அரங்கம் ஒன்றுக்குள், முதலில் ஆள் உயரச் சக்கரம் வைத்த சைக்கிளிலும் பிறகு சாதாரணச் சைக்கிளிலும் வட்டம் வட்டமாகச் சுற்றியவர்கள். ஒவ்வொருவரும் தனித்தனி. யார் அதிக தூரம் ஓட்டுகிறாரோ அவருக்கு வெற்றி. அதனால் தூங்கினால் நஷ்டம். முதல் நாள் கம்பீரமாக இருப்பார்கள். போகப்போகக் கால் வீங்கும், முகம் தொங்கும், ஓட்டிக்கொண்டே தூங்கிப்போய் விழுவார்கள். உதவியாளர்கள் தண்ணீரைத் தெளித்து எழுப்பி மறுபடி இருக்கையில் ஏற்றித் தள்ளிவிடுவார்கள். கடைசிக்கு வரும்போது சிலருக்குப் புத்தி பேதலித்துவிடும். இல்லாத ஆட்கள் துரத்துவதாகக் கத்துவார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நெருக்கியடித்தது. இது விளையாட்டில்லை, சித்திரவதை என்று பத்திரிகைகள் எழுதின.

இந்தப் பந்தயம் பின்னாளில் மான்ட்ரியாலுக்கும் வந்தது. ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் மரத் தளம் போட்டு, பாண்டு வாத்தியத்தோடு நடந்தது. அதுதான் கடைசி அத்தியாயம். ஜனவரியில் நின்றது நின்றதுதான். இப்போது அந்தத் தாள்கள் பறக்காமலிருக்க மேலே மருந்து உரலை வைத்திருந்தாள்.

ஏப்ரலில் ஒரு காலை, அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கனகவல்லி சட்டென்று திரும்பி, “அந்தப் பூனையைப் பார்த்தீங்களா?” என்றாள்.

அவர்கள் வீட்டில் பூனை கிடையாது.

“சாம்பல் கலர். இப்படியே ஹாலுக்குப் போச்சு.” எழுந்து போய்ச் சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று சிரித்தாள். “சரிதான். நம்ம சைக்கிள்காரங்க மாதிரி ஆயிட்டேன் போல.”

ஜம்புநாதன் சிரிக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்து, திறந்த வேகத்தில் மூடிக்கொண்டார். அந்தப் பாழாய்ப்போன சொல் வந்துவிடுமே என்று.

அடுத்த வாரம் அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவளின் கார் வாசலில் வந்து நின்றதை அவர் ஜன்னலோரச் சக்கர நாற்காலியிலிருந்து பார்த்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. இடது கையால் கண்ணாடியைத் தட்டினார். கத்தினார். அவர் கத்தியது என்னவென்று அவருக்கே வெட்கமாக இருந்தது. இஞ்சின் ஓடுகிற காரில் மனைவி மயங்கிக் கிடக்கும்போது ஒரு மனிதன் பரவாயில்லை, பரவாயில்லை என்று கத்துகிறான்.

நல்லவேளை, பக்கத்து வீட்டுச் சிவநேசம் கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை முடிந்து அந்த வழியாக வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, குழந்தைகளோடு பழகிப் பழகி எதற்கும் பதறாதவள். கார்க் கண்ணாடியைத் தட்டி எழுப்பி, இஞ்சினை நிறுத்தி, கனகவல்லியைக் கையோடு பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

“காருக்குள்ள நித்திரை கொள்ளுறியளே அக்கா? ரோட்டில ஓடேக்க வந்திருந்தா?”

“சும்மா கண்ணை மூடினேன் சிவநேசம். ஒண்ணுமில்ல.”

“ஒண்டுமில்லையோ? முகத்தைக் கண்ணாடியில பாத்தனீங்களே? நான் பகல் முழுக்க வேலை, இல்லாட்டி வந்து இருப்பன். ஐயாவின்ர தம்பி ஒருத்தர் ஞாயிறு ஞாயிறு வாறவர் எல்லோ? அவரைக் கேக்கலாம்தானே?”

“அவனுக்கு வேலை இருக்கும்” என்றாள் கனகவல்லி. அவள் குரல் இறுகியதைச் சிவநேசம் கவனித்திருக்க வேண்டும். ஓம் என்று தலையாட்டிவிட்டு, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜம்புநாதனின் தம்பி ஆதித்தன் ஆற்றைத் தாண்டி புரோசார்டில் தனியாக இருந்தான். அவன் படிக்க வந்தபோது இந்த வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் தங்கினான். கனகவல்லி கையால் சாப்பிட்டுத்தான் பட்டம் வாங்கினான். ஜனவரியில், கனகவல்லி ஒரு கருத்தரங்குக்காக ஒட்டாவா போயிருந்த சனிக்கிழமை, ஜம்புநாதன் அவன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வலது கை மரத்துப்போனது. ஆதித்தன் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தான்.

“வேணாம்டா” என்று தடுத்தவர் ஜம்புநாதன்தான். “வல்லி அங்கேருந்து பயந்துக்கிட்டு பனியில வண்டி ஓட்டிட்டு வருவா. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்.”

ஆதித்தன் இரண்டு மூன்று தடவை கேட்டான். அவர் அதட்டினார். அண்ணன் அதட்டினால் அடங்கிப் பழகியவன் அவன். சாயங்காலம் அவருடைய பேச்சு குழறிய பிறகு பயந்து கூப்பிட்டான். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு சேதம் இருந்திருக்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி நடையில் கனகவல்லி அவனைக் கேட்டாள்.

“ஏன் உடனே கூப்பிடல?”

ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஜம்புநாதனுக்கு அது காதில் விழுந்தது. தம்பியின் பதிலும் விழுந்தது.

“தப்புப் பண்ணிட்டேன் அண்ணி.”

அவ்வளவுதான் சொன்னான். அண்ணன் வேண்டாம் என்றார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டீல் டப்பாவில் இட்லி, மிளகாய்ப்பொடி, ஏதாவது கூட்டு என்று செய்து எடுத்துக்கொண்டு வருவான். கனகவல்லி டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு காபி கொடுப்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். ஆனால் அவன் அண்ணனை எழுப்பிவிடக் கை நீட்டினால், “இரு, நான் பார்த்துக்கறேன்” என்று நடுவில் வந்துவிடுவாள். அவன் காபியைக் குடித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிடுவான்.

உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஜம்புநாதன். அவரிடம் இருந்ததோ ஒரு சொல்.

கார் சம்பவத்துக்குப் பிறகு அவர் யோசித்தார். யோசிப்பதற்கு நேரம் நிறைய இருந்தது. இசபெல் சொல்லியிருந்தாள், பேச்சு போனவர்களுக்கும் வரிசையாக வருகிற விஷயங்கள் சில சமயம் வாயில் வந்துவிடும் என்று. கிழமைகள், பாட்டு, எண்கள். அது உண்மைதான். கனகவல்லி ஒன்று என்று எடுத்துக் கொடுத்தால் போதும், அவர் வாய் தானாகவே இருபது வரை ஓடிவிடும். தனியாக ஏழு என்று சொல்லச் சொன்னால் வராது. வரிசையில் வந்தால் ஏழும் வரும். அவள் அதை ஹம்சினிக்குப் போனில் போட்டுக் காட்டி மகிழ்ந்துபோனாள்.

ஜம்புநாதனுக்கு நினைவு வந்தது அவளுடைய ஐந்தாவது அத்தியாயம். அந்தச் சித்திரவதையைப் பார்க்கச் சகிக்காமல் நியூயார்க்கில் சட்டம் போட்டார்கள். எந்த ஓட்டியும் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பந்தயத்தில் இருக்கக் கூடாது. பந்தயம் நடத்தியவர்களுக்குப் பந்தயத்தைச் சுருக்க மனமில்லை. அதனால் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிட்டார்கள். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் சாப்பிட்டான், தூங்கினான். ஜோடிகள் வந்த பிறகு தனியாக ஓட்டியவர்களைவிட அதிக தூரம் போனார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவர்தான் அவளிடம் சொன்னார், இதுதான் உன் புத்தகத்தின் நடு முதுகெலும்பு, இதைச் சுருக்காதே என்று.

பன்னிரண்டு. அந்த ஒரு எண்ணில் நின்றுவிட்டால் போதும்.

நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. கனகவல்லி குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துப் பழகினார். அவர் வாய் அந்தப் பந்தயச் சைக்கிள்களைப் போல இருந்தது. அவற்றில் பிரேக் கிடையாது. பன்னிரண்டைத் தாண்டி பதிமூன்று, பதினான்கு என்று இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் பன்னிரண்டு வந்ததும் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார். சில நாளில் உதடு புண்ணாயிற்று. வறட்சி என்று நினைத்து அவள் வெண்ணெய் தடவிவிட்டாள்.

ஒரு காலை, மாத்திரையைப் பொடி செய்துகொண்டிருந்தவளின் மணிக்கட்டை அவர் இடது கையால் பிடித்தார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு…” என்று ஆரம்பித்து, பன்னிரண்டில் உதட்டைக் கடித்து நின்றார்.

“அட, நானே எடுத்துக் குடுக்காம வந்துடுச்சே. மேல போங்க. பதிமூணு…”

தலையை ஆட்டினார். மறுபடியும் முதலிலிருந்து சொல்லி, மறுபடியும் அங்கேயே நின்றார்.

“மறந்துபோச்சா? பதிமூணு… பதிநாலு…”

பலமாகத் தலையை ஆட்டினார். அவள் உரலைக் கீழே வைத்தாள். “பன்னிரண்டு மணிக்கு யாராவது வராங்களா? டிசம்பரா? என்னங்க, என்ன வேணும் உங்களுக்கு?”

“பரவாயில்லை” என்றது வாய். ஜம்புநாதனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நடக்கத் தாங்கலாக வைத்திருந்த நடைச் சட்டத்தைப் பிடித்துத் தானே எழுந்தார். அவள் பதறிக்கொண்டு பின்னால் வர, காலை இழுத்து இழுத்துச் சாப்பாட்டு மேசையின் மறுகோடிக்குப் போய், அவளுடைய தாள்களின் மேல் உள்ளங்கையை வைத்தார். மூன்றாவது தடவையாக எண்ணினார். பன்னிரண்டு என்று நின்றதும் கையைத் தாளிலிருந்து எடுத்து அவள் நெஞ்சின் நடுவில் விரலை வைத்தார்.

கனகவல்லி தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“ஒரு நாள்ல பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல…” என்று தொடங்கியவள் அதை முடிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் நின்றபடியே அவள் உச்சந்தலையில் கையை வைத்திருந்தார்.

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “சரி. தனியா ஓட்டக் கூடாது, ஒத்துக்கறேன். யாரைக் கூப்பிடணும்?”

பாத்திரம் வடியவைக்கும் தட்டில் ஆதித்தனின் ஸ்டீல் டப்பா கவிழ்ந்திருந்தது. அவர் அதைக் காட்டினார்.

அவர் டப்பாவையும் தன்னையும் மாறி மாறிக் காட்டினார். வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார், போனைக் காதில் வைப்பதுபோல் பாவனை செய்தார், மறுபடி வேண்டாம் என்று அசைத்தார், தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூச்சு வாங்கியது.

கனகவல்லி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியுங்க.”

அவர் அசையாமல் நின்றார்.

“உங்களை எனக்குத் தெரியாதா? அவன் போனை எடுத்திருப்பான். நீங்கதான் வேணாம்டான்னு அதட்டியிருப்பீங்க, நான் பயந்துடுவேன்னு. அது அன்னிக்கே தெரியும். ஆனா இப்படிக் கிடக்கிற உங்க மேல எப்படிக் கோவப்படறது? எங்கேயாவது போடணும் இல்ல அந்தக் கோவத்தை? அவன் மேல போட்டேன். அவனும் வாங்கிக்கிட்டான்.”

ஜம்புநாதன் அவள் தோளில் சாய்ந்து குழந்தையைப் போல அழுதார். அவள் அவரைத் தாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“ஆதித்தா, நாளைக்கு வர முடியுமா?”

“என்ன ஆச்சு அண்ணி? இப்பவே வரேன்.”

“ஒண்ணும் ஆகல. நாளைக்குன்னுதானே சொன்னேன்.”

மத்தியானமே வந்துவிட்டான், தோளில் ஒரு பையும் லேப்டாப்புமாக. வீட்டிலிருந்து பார்க்கிற வேலைதான், அதை எந்த வீட்டிலிருந்து பார்த்தால் என்ன என்றான். கனகவல்லி அவனை நிற்கவைத்து எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் தாங்க வேண்டும், குளியலறையில் எதைப் பிடிக்க வேண்டும் என்று வகுப்பெடுப்பதுபோலச் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு மாடிக்குப் போனவள் மறுநாள் சூரியன் நன்றாக ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் அலறியடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். அண்ணனும் தம்பியும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது. அவள் அதைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோய், பாதியில் எடுத்துக்கொண்டு, “எனக்கு ஒரு தோசை இருக்கா?” என்று கேட்டாள்.

வாரத்தில் பாதி நாள் ஆதித்தன் அங்கே தங்குவது என்று ஆயிற்று. வேலை செய்யும்போது ஓயாமல் பேசுவான். ஆபீஸ் கதை, மெட்ரோ கதை, பக்கத்து வீட்டு நாயின் கதை. அண்ணனைத் தூக்குவான், துடைப்பான், நடத்துவான், ஆனால் கண்ணை மட்டும் பார்க்கமாட்டான். ஒரு நாள் முகச் சவரம் செய்துகொண்டிருந்தான். தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தியபோது வேறு வழியில்லாமல் பார்க்க வேண்டியதாயிற்று. அவன் பேச்சு நின்றது. ரேசரில் நுரை வழிந்தது.

“நீ அதட்டினாலும் நான் கேட்டிருக்கக் கூடாதுண்ணா” என்றான். “போன் என் கையிலதான் இருந்தது. உன்னைக் கேட்டுக்கிட்டு நின்னேன் பாரு. என் புத்தி.”

ஜம்புநாதன் தம்பியின் பிடரியில் கையைப் போட்டு அருகே இழுத்தார். நுரை அவன் கன்னத்திலும் ஒட்டியது.

“பரவாயில்லை” என்றார்.

ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக, சொல்ல நினைத்ததும் வாயில் வந்ததும் ஒன்றாக இருந்தது. ஆதித்தனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ரேசரைக் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மே மாதம் மருந்து உரல் தாள்களின் மேலிருந்து இறங்கியது. கனகவல்லி கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினாள். எழுதியதை இப்போது உரக்க வாசித்துக் காட்டினாள். பிடிக்காத இடத்தில் ஜம்புநாதன் மேசையைத் தட்டினார். அவர் ரொம்பத் தட்டுகிறார் என்று அவள் ஹம்சினியிடம் புகார் சொன்னாள்.

ஜூலையில் ஆதித்தன் ஒரு செய்தியோடு வந்தான். “அண்ணி, புரோமோன்ல உள்ளரங்கு சைக்கிள் தளம் இருக்கு தெரியுமா? சனிக்கிழமை ஜோடிப் பந்தயம். போலாமா?”

இவ்வளவு வருஷம் இதையே படித்து எழுதியவள் அதை நேரில் பார்த்ததில்லை. வீடியோவில் பார்த்தது போதும் என்று இருந்துவிட்டாள்.

ஆதித்தன் ஓட்ட, மூவரும் போனார்கள். நுழைவாயிலில் இருந்த பெண், “லமெரிக்கேன் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்” என்றாள். அமெரிக்காக்காரி என்று பொருள். பிரெஞ்சில் ஜோடிப் பந்தயத்துக்கு இன்னும் அதுதான் பெயர். கனகவல்லி பெருமையோடு கணவரைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பெயரைத் தானே வைத்ததுபோல.

தளத்தின் வளைவு சுவர்போல எழும்பி நின்றது. தன்னுடைய கணக்கு தப்பில்லை என்று ஜம்புநாதனுக்குத் திருப்தியாக இருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் கீழே பறக்க, மற்றவர் மேல் விளிம்பில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். பறந்து வருகிறவர் நெருங்கும்போது காத்திருப்பவர் கீழே இறங்கி ஒரு கையைப் பின்னால் நீட்டுவார். இவர் அதைப் பற்றி, தன் வேகத்தையெல்லாம் திரட்டி அவரை முன்னே எறிவார். எறிந்தவர் மூச்சு வாங்க மேலே ஏறிக்கொள்வார்.

“சத்தம் கேக்குதா?” என்றாள் கனகவல்லி மெதுவாக. கை கையில் விழும் சத்தம் அந்தக் கூரைக்கு அடியில் ஒவ்வொரு தடவையும் பளீரென்று கேட்டது. “இத்தனை பத்திரிகையும் படிச்சேன். இந்தச் சத்தத்தைப் பத்தி ஒருத்தனும் எழுதல.”

பச்சைச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் ஒரு தடவை கையைத் தவறவிட்டார்கள். எல்லோரும் “ஓ” என்றார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவள் களைப்போடு இன்னொரு சுற்று சுற்றினாள், மேலே இருந்தவள் தலையைத் திருப்பித் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள், இந்த முறை பிடித்துக்கொண்டார்கள். கனகவல்லி எழுந்து நின்று கை தட்டினாள். ஜம்புநாதன் பந்தயத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் பாதி போயிருந்தது.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் பாலத்துக்கு முன்னால் புரோசார்ட் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கனகவல்லி கேட்டாள், “உன் வீட்டுல டீத்தூள் இருக்கா ஆதித்தா?”

ஜனவரிக்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஆதித்தன் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, “இருக்கு அண்ணி” என்றான். கொஞ்சம் தயங்கி, “வீடு சரியா இல்ல” என்றான்.

“உன் வீடு என்னிக்குச் சரியா இருந்தது?”

கதவைத் திறந்ததும் அவளுக்குப் புரிந்தது. ஹாலில் ஒன்றுமே இல்லை. சுவரில் டிவி. தரையில் ஒரு பாய். சோபா இருந்த இடத்தில் தரையின் நிறம் மட்டும் நீளமாக வெளிறிக் கிடந்தது.

“சோபா எங்கடா?”

“தெருவுல வெச்சேன். யாரோ எடுத்துக்கிட்டுப் போனாங்க.”

“எப்போ?”

“அப்பவே. பார்க்க முடியல அண்ணி.”

இத்தனை மாதமாக இந்த வெறும் ஹாலில் பாயில் உட்கார்ந்துதான் அவன் சாப்பிட்டிருக்கிறான், இங்கிருந்துதான் ஞாயிறு தோறும் இட்லி அவித்து எடுத்துக்கொண்டு கர்க்லாண்டுக்கு வந்திருக்கிறான். கனகவல்லி அந்த வெளிறிய இடத்தைப் பார்த்தபடி நின்றாள். ஜம்புநாதன் நடைச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு அவளைப் பார்த்தார். ஆதித்தன் சமையலறையிலிருந்து ஒரே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணனை உட்கார வைத்தான்.

“இந்த ஊர்ல சோபாக் கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?” என்றாள் அவள்.

“சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்.”

“அப்போ டீயைச் சீக்கிரம் போடு. உயரமாப் பார்த்து வாங்கணும், ரெண்டு பக்கமும் கை வெச்சது. இவர் அழுத்திப் பிடிச்சு எழுந்திருக்கணும் இல்ல?”

“அண்ணி, இப்ப எதுக்கு…”

“நாங்க வந்தா எங்கடா உட்கார்றது?”

ஆதித்தன் அடுப்பைப் பற்றவைக்கப் போனான். கனகவல்லி பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு நூல் பந்தை எடுத்து, அந்த வெளிறிய இடத்தை நீளவாக்கில் அளக்கத் தொடங்கினாள். ஜம்புநாதன் நாற்காலியிலிருந்து குனிந்து இடது கையால் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.